இரண்டு பேருக்கு ஒரு துப்பாக்கி

கணவனும் மனைவியுமாக நியூசிலாந்தில் மலைவேட்டைக்குப் போவது என்று முடிவானதும் முதலில் எழும் கேள்வி, ஆளுக்கொரு துப்பாக்கி வேண்டுமா என்பது. வேண்டாம், ஒன்று போதும். சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. நியூசிலாந்துக் காடுகளில் மானென்று நினைத்து மனிதரைச் சுட்ட சம்பவங்கள் உண்டு. சுட்டவர் பெரும்பாலும் முன்பின் தெரியாத ஆளாக இருப்பதில்லை. காலையில் ஒரே அடுப்பில் டீ போட்டுக் குடித்துவிட்டு ஒன்றாகக் கிளம்பியவராகத்தான் இருப்பார். இருவரும் பிரிந்து, துப்பாக்கியும் கையுமாக ஆளுக்கொரு பக்கம் போய், ஒரே புதரின் இரண்டு புறமும் வந்து நிற்கும்போது அது நடக்கிறது. துப்பாக்கி ஒன்றுதான் என்றால் பிரிந்து போகவே தோன்றாது.

சட்டமும் இதற்குத் தோதாகவே இருக்கிறது. இருவரில் ஒருவருக்கு மட்டும் ஆயுத உரிமம் இருந்தாலும் மற்றவர் சுடலாம். ஆனால் உரிமம் உள்ளவர் கைக்கெட்டும் தூரத்தில், எந்த நொடியிலும் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளும் நிலையில், தன்னிடம் வேறு துப்பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும். உரிமம் இருவருக்கும் இருந்தாலும் இதே முறையில் வேட்டையாடுங்கள். ஒருவர் சுடுகிறார், மற்றவர் பார்க்கிறார். பார்க்கிறவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. ஏன் என்று கேட்பதை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையிலும் பனிச்சரிவிலும் இதே விதிதான்.

எந்த விலங்கு, எந்தப் பள்ளத்தாக்கு

நாம் தேடிப் போவது வரையாடு. அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு முக்குருத்தியும் வால்பாறையும் இரவிகுளமும் நினைவுக்கு வரும். அங்குள்ள நம் வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதன்மேல் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் சதர்ன் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் நடுப்பகுதியில் திரிவது இமயமலை வரையாடு. இரண்டையும் ஒரே பேரினம் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 2005இல் வந்த மரபணு ஆய்வு நம் வரையாட்டைச் செம்மறியாட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்று காட்டியதால் இரண்டும் பிரிந்தன. ஆனாலும் பாறைமேல் நிற்கும் தோரணையைப் பார்த்தால் நீலகிரி ஞாபகம் வராமல் போகாது. அதனாலேயே சில தமிழர்களுக்கு இந்த வேட்டை மனதுக்கு ஒப்பாமல் போகிறது. அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஒப்பாவிட்டால் பைனாகுலரோடு மட்டும் போய்வாருங்கள். இந்த அத்தியாயத்தில் பாதி அப்போதும் பயன்படும்.

அங்கே ஏன் சுடச் சொல்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும். மனிதர் வருவதற்கு முன் நியூசிலாந்து நிலத்தில் வௌவாலைத் தவிர வேறு பாலூட்டியே கிடையாது. பாலூட்டிகளின் மேய்ச்சலை அறியாத செடிகொடிகள் அங்கு வளர்ந்தவை. 1904இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கோமகன் அனுப்பிய சில வரையாடுகளை அவோராக்கி எனப்படும் மவுண்ட் குக் சிகரத்தின் அடிவாரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். வேட்டையாடித் தின்ன சிறுத்தையும் இல்லை, செந்நாயும் இல்லை. பெருகிய மந்தைகள் மலையுச்சிப் புல்வெளியைக் கட்டாந்தரையாக்கின. 1970களில் ஹெலிகாப்டரிலிருந்து இறைச்சிக்காகச் சுட்டுத் தள்ளியதில் எண்ணிக்கை சரிந்து, பிறகு மீண்டும் ஏறியது. 1993இல் வந்த அரசுத் திட்டம் மொத்தம் 10,000க்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தது. பிற்காலக் கணக்கெடுப்புகளில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வந்தது. எவ்வளவு குறைப்பது என்பதில் அரசுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் மூண்ட சண்டை 2020இல் உயர்நீதிமன்றம் வரை போனது. ஒன்றில் மட்டும் இரு தரப்புக்கும் பேதமில்லை: எண்ணிக்கை குறைய வேண்டுமானால் பெண் ஆடுகளைச் சுட வேண்டும். கொம்புக்காகக் கிடாவை மட்டும் தேடிச் சுட்டால் மந்தை குறையாது.

முதல் பயணத்தைக் கொம்புக்காகப் போகாதீர்கள், கறிக்காகப் போங்கள். பிடரி மயிர் சிங்கம்போலச் சிலிர்த்து நிற்கும் கிடா வேண்டுமென்றால் இனச்சேர்க்கைக் காலமான மே கடைசியிலிருந்து ஜூலைக்குள் ஏற வேண்டும். அப்போது பனி இறங்கிவிட்டிருக்கும். எட்டு மணிக்குத்தான் விடியும், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பனிச்சரிவு அபாயமும் அந்த மாதங்களில் உண்டு. இரண்டு பேர் மட்டுமே போன இடத்தில் ஒருவர் பனிக்குள் புதைந்துவிட்டால் தோண்டி எடுக்க மிச்சம் ஒரே ஆள். முதல் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் உயிருக்கு நல்ல வாய்ப்பு. புதைந்தவரைத் தேட உதவும் டிரான்சீவர், நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் இருவரிடமும் இல்லாமலும், அவற்றைப் பயன்படுத்தி முறையாகப் பழகாமலும் அந்தக் காலத்தில் ஏறக்கூடாது.

ஏப்ரல் நல்ல மாதம். பகல் நீளம் போதும், பனி இருந்தாலும் உச்சிகளில்தான் இருக்கும். ஆனால் மார்ச் கடைசியும் ஏப்ரலும் செம்மான்கள் உறுமித் திரியும் காலம் என்பதால் பள்ளத்தாக்குகளில் மற்ற வேட்டைக்காரர்களும் நிறைய இருப்பார்கள். ஆரஞ்சு நிறத் தொப்பியும் மேல்சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, நான் கட்டாயப்படுத்துகிறேன். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் பிறந்த குட்டிகள் அப்போதும் தாயோடு திரியும். குட்டி ஒட்டி நிற்கும் ஆட்டை விட்டுவிட்டு, தனித்துத் திரியும் இளம் பெண் ஆடாகப் பார்த்து எடுங்கள்.

இடம் என்று பார்த்தால், மலைத்தொடரின் கிழக்குப் பக்கம். மேற்குப் பக்கம் மழைக்காடு, சில மலைமுகடுகளில் வருடத்துக்கு 10 மீட்டருக்கு மேல் மழை கொட்டும் பூமி, புதியவர்களுக்கு ஆகாது. ஹுக்கர்-லாண்ட்ஸ்பரோ, ஆடம்ஸ் என்ற இரண்டு வனாந்தரங்களிலும் குடிலும் கிடையாது, பாதையும் கிடையாது. குளிர்காலத்தில் அங்கே ஹெலிகாப்டரில் போய் இறங்கக் குலுக்கல் முறையில்தான் இடம் கிடைக்கும். அது மூன்றாவது நான்காவது பயணத்துக்கு. முதல் பயணத்துக்கு ஓஹாவ் ஏரியின் தலைமாட்டிலிருந்து வடக்கே ஏறும் ஹாப்கின்ஸ் பள்ளத்தாக்கு போதும். ட்வைசல் ஊரில் சாமான் வாங்கிக்கொண்டு போகலாம். மானுமென்ட், ரெட், எல்கோ என்று வழிநெடுகக் குடில்கள் உண்டு. கீழே பீச் மரக்காடு, அதற்குமேல் புல்சரிவு, அதற்கும் மேலே பாறை.

காகிதங்கள்

டாக் என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் இயற்கைப் பாதுகாப்புத் துறை, பொது நிலத்தில் வேட்டையாட இணையத்திலேயே இலவச அனுமதிச் சீட்டு தருகிறது. ஆளுக்கொன்று எடுத்துக் கையில் வைத்திருங்கள். வரையாட்டுக்கு மூடுகாலம் இல்லை. இரவில் விளக்கடித்துச் சுடுவது இந்த நிலங்களில் கூடாது. அதே இணையதளத்தில் நஞ்சு வைத்த பகுதிகளின் பட்டியலும் இருக்கும். எலி, போசம் போன்றவற்றை ஒழிக்க 1080 என்னும் நஞ்சை ஹெலிகாப்டரிலிருந்து தூவுவார்கள். எச்சரிக்கைக் காலம் முடியாத பகுதியில் கிடைத்த கறியை வாயில் வைக்கக்கூடாது.

ஆயுத உரிமத்தை டே தாரி பூரேகே என்னும் ஆயுதப் பாதுகாப்பு ஆணையம் வழங்குகிறது. குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், நேர்காணல் உண்டு. விண்ணப்பிப்பவரின் கணவனையோ மனைவியையோ விசாரிப்பதும் அதில் ஒரு பகுதி. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு வருகையாளர் உரிமம் இருக்கிறது. பல வாரங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த படுகொலைக்குப் பிறகு சட்டம் இறுகிவிட்டது. தானியங்கி மறுநிரப்புத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை தடைசெய்யப்பட்டன, துப்பாக்கிகளைப் பதிவேட்டில் ஏற்றுவதும் வந்தது. கெடுபிடி என்று நண்பர்கள் புலம்பலாம். எனக்கு அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

இருவருக்கும் பொருந்தும் துப்பாக்கி

308, 270, 7 எம்எம் 08 இவற்றில் எதுவானாலும் சரி, போல்ட் இழுத்துச் சுடும் வகை. எந்தத் தோட்டா சிறந்தது என்ற வாதத்தில் இறங்கினால் விடிந்துவிடும். அதைக் கடைக்காரரிடம் விடுங்கள். ஆனால் கட்டையின் நீளத்தைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். ஆறடி ஆளுக்கு வெட்டிய கட்டையைத் தோளில் வைத்தால் ஐந்தடிப் பெண்ணுக்குக் கழுத்தை நீட்டினால்தான் ஸ்கோப்பில் படம் முழுதாகத் தெரியும். கட்டை உயரம் குறைந்தவருக்குப் பொருந்தட்டும். பிறகு உயரமானவர் தரையில் படுத்து, மேல்நோக்கிக் குறிவைத்து, ஸ்கோப்பின் விளிம்புக்கும் புருவத்துக்கும் இடையில் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் இருக்கிறதா என்று மற்றவரை அளக்கச் சொல்ல வேண்டும். செங்குத்தான சரிவில் மேலே பார்த்துச் சுடும்போது தலை தானாக முன்னால் நகரும். இடைவெளி குறைந்தால் பின்னுதைப்பில் ஸ்கோப் விளிம்பு புருவத்தில் பிறைபோல வெட்டிவிடும். அந்தத் தழும்போடு திரிகிற வேட்டைக்காரர்கள் அங்கே ஏராளம்.

சைலன்சர் அங்கே சட்டப்படி செல்லும், பெரும்பாலோர் பூட்டியிருப்பார்கள். நம் முறையில் பார்க்கிறவர் சுடுகிறவரின் தோளோரம் இருப்பதால் அவர் காதுக்கு அது அவசியம். முடிந்தால் ஈயத்துக்குப் பதில் செம்புத் தோட்டா வாங்குங்கள். கறியில் ஈயத்தூள் கலக்காது. மிச்சத்தைக் கொத்தும் பறவைகளுக்கும் நல்லது.

பைனாகுலர் மட்டும் ஆளுக்கொன்று வேண்டும். 10க்கு 42 அளவு சரியாக இருக்கும். காசு மிச்சமிருந்தால் அதை இதில் போடுங்கள், துப்பாக்கியில் போடாதீர்கள்.

உடுப்பில் பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி உள்ளாடை, மழைச்சட்டை, முழங்கால் வரை கட்டும் கெய்ட்டர், தடித்த தோல் கையுறை. கையுறை குளிருக்காக மட்டுமல்ல. ஸ்பானியார்ட் என்று ஒரு செடி அந்தச் சரிவுகளில் கொத்துக்கொத்தாக நிற்கும். இலை ஒவ்வொன்றும் கோணி ஊசி. வழுக்கும்போது கை தானாகப் போய்ப் பிடிப்பது அதைத்தான்.

சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கடலை மிட்டாய், பால்பவுடர். சூடான சோற்றில் புளிக்காய்ச்சலைப் பிசைந்து சாப்பிட்டால் உறையவைத்து உலர்த்திய அந்தப் பாக்கெட் உணவெல்லாம் கிட்டே வராது. குளிரிலும் பசியிலும் எரிச்சல் வரும். எந்தப் பக்கம் போவது என்று சண்டை தொடங்கினால் முதலில் இருவரும் ஏதாவது சாப்பிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆறு

துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், அந்த மலைகளில் அதிகம் பயப்பட வேண்டியது ஆற்றுக்குத்தான். 19ஆம் நூற்றாண்டில் ஆற்றில் மூழ்கிச் சாவதற்கு 'நியூசிலாந்து சாவு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். கிழக்குப் பக்கத்து ஆறுகள் அகன்ற கூழாங்கல் படுகையில் பல கிளையாகப் பிரிந்து ஓடும். பாலம் இருக்காது, பக்கம் மாறிமாறித்தான் மேலே போக வேண்டும்.

புதியவரை ஏமாற்றுவது வானிலை. வடமேற்கிலிருந்து காற்று கிளம்பினால் மேற்குச் சரிவில் பேய்மழை பெய்யும். மழை மலைமுகட்டைத் தாண்டிக் கிழக்கு ஆறுகளின் தலைப்பகுதியிலும் கொட்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலும் வெதுவெதுப்பான காற்றுமாக இருக்கும். மேற்கே முகட்டுக்கு மேல் வில்போல வளைந்த மேகமும் அதன் கீழே நீலக் கீற்றும் தெரியும். அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்துக்கொண்டிருந்தால், காலையில் முழங்காலளவு இருந்த தண்ணீர் மாலையில் இடுப்புக்கு மேல் வந்து நிற்கும். அந்த மேகத்தைக் கண்டால் எந்தக் கரையில் கார் நிற்கிறதோ அந்தக் கரைக்கு வந்துவிடுங்கள். வடமேற்கு ஓய்ந்த கையோடு தெற்கிலிருந்து குளிர்காற்று திரும்பும். சில மணி நேரத்தில் மழை பனியாக மாறிவிடும்.

கடக்கும் இடம் அகலமாகவும் ஆறு பல கிளையாகப் பிரிந்தும் இருக்கட்டும். குறுகிய இடம் எளிதாகத் தோன்றும். ஆழமும் வேகமும் அங்கேதான். கரையில் நின்று கேளுங்கள். அடியில் கற்கள் உருளும் சத்தம் வந்தாலும், தண்ணீர் கலங்கித் தரை தெரியாவிட்டாலும் இறங்காதீர்கள். கீழே ஓட்டம் எங்கே போய் முட்டுகிறது என்றும் பாருங்கள். விழுந்த மரமோ பாறையோ இருந்தால் வேறு இடம்.

இருவரும் தோளோடு தோள் ஒட்டி, ஓட்டத்துக்கு இணையாக வரிசையாக நிற்க வேண்டும். கனமானவர், பலமானவர் மேல்நீர்ப் பக்கம். மார்புப் பட்டியை அவிழ்த்துவிடுங்கள். ஒருவர் கை மற்றவரின் முதுகுக்கும் பைக்கும் இடையே நுழைந்து அந்தப் பக்கத்துத் தோள்பட்டியையோ இடுப்புப் பட்டியையோ இறுகப் பிடிக்கட்டும். முகம் எதிர்க்கரையைப் பார்க்க, சற்றே கீழ்நோக்கிச் சாய்வாக, சிறுசிறு அடியாக நடக்க வேண்டும். கையைக் கோத்துக்கொண்டு போவது சினிமாவுக்கு நன்றாக இருக்கும். ஆற்றில் ஒருவர் சறுக்கினால் கை நழுவிவிடும். மேல்நீரில் நிற்பவரின் உடம்பு ஓட்டத்தை உடைத்துக்கொடுப்பதால், 50 கிலோ எடையுள்ளவரும் தனியாகக் கடக்க முடியாத ஆற்றைக் கடந்துவிடுவார். நடுவில் யாராவது "திரும்பு" என்றால் அங்கேயே திரும்ப வேண்டும். முன்னால் இன்னும் நாலே எட்டுதான் என்பது வாதமாகாது.

ஆறு ஏறிய வேகத்தில் இறங்கவும் செய்யும். ஒரு நாள் உணவு உபரியாக வைத்திருந்தால் குடிலில் ஓர் இரவு கூடுதலாகப் படுத்து எழுவதில் நட்டமில்லை.

தேடுவது, நெருங்குவது

பூமியின் தென்பாதி என்பதை நினைவில் வையுங்கள். சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் வெயில் விழுவது வடக்கு நோக்கிய சரிவுகளில். குளிர்ந்த காலையில் ஆடுகள் வெயில் காயவும் மேயவும் அங்கேதான் வரும். நடந்து தேடாதீர்கள். விடிவதற்கு முன்பே எதிர்ச்சரிவில் ஓரிடத்தில் உட்கார்ந்து, மலையை மனதுக்குள் பட்டைபட்டையாகப் பிரித்து, இருவரும் ஆளுக்கொரு பகுதியை பைனாகுலரால் மெல்லத் துழாவுங்கள். பாறைக்குச் சற்றுக் கீழே, புல் முடிகிற ஓரத்தில் பழுப்பாக ஒரு கல் நகரும். அதுதான். ஒன்று தெரிந்தால் சுற்றி இன்னும் ஐந்தாறு இருக்கும்.

வரையாட்டுக்கு ஆபத்து கீழிருந்து வரும் என்றே நினைப்பு. எப்போதும் பள்ளத்தைப் பார்த்தபடிதான் நிற்கும். மேலிருந்து இறங்கி வருபவரைக் கவனிப்பது குறைவு. வெயில் ஏறியபின் காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறும், சாயங்காலம் குளிர்ந்ததும் கீழே வடியும். ஆகவே காலையில் சுற்றி மேலே ஏறிவிட்டு, காற்று மேலேறத் தொடங்கியபின் மேலிருந்து நெருங்குவதே உத்தி. ஒரு சின்னக் குப்பியில் முகப்பவுடர் வைத்துக்கொண்டு அவ்வப்போது அழுத்தினால் காற்றின் போக்கு தெரிந்துவிடும். ஏறுவதற்குப் பார்க்கும் பாறை, இறங்கும்போதும் இறங்கக்கூடிய பாறைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புல்சரிவும் ஈரத்தில் பாறையைவிட மோசமாக வழுக்கும்.

சுடுவதற்கு முன்பு பார்க்கிறவர் கேட்கும் கேள்விகள் வீட்டிலேயே மனப்பாடமாகியிருக்க வேண்டும். நல்ல ஜோடியிடம் அந்தப் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"நடுவுல நிக்கிறது பெண்ணாங்க?"

"ஆமா. கொம்பு சின்னது, பிடரி இல்லை."

"பின்னாடி மந்தை நிக்குதா?"

"இல்லை, வெறும் மண்சரிவு."

"விழுந்தா எங்க போய் நிக்கும்?"

"...அந்த விளிம்புக்குக் கீழே என்னன்னு தெரியலைமா."

"அப்ப வேண்டாம்."

கடைசிக் கேள்விதான் வரையாட்டு வேட்டையின் உயிர்நாடி. செங்குத்துப் பாறையில் சுட்டால் உடல் உருண்டு பல நூறு மீட்டர் கீழே யாரும் போக முடியாத இடுக்கில் விழும். கறியும் போச்சு, கொம்பும் உடைஞ்சுது. போய் எடுக்க முடியாத விலங்கைச் சுடுவது வேட்டையாகாது. ஆடு நகர்ந்து தட்டையான இடத்துக்கு வரும்வரை காத்திருங்கள். வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

தூரம் 250 மீட்டருக்குள் இருக்கட்டும். அரை மைலுக்கு அப்பாலிருந்து சுட்டு வீழ்த்தியதாகப் பெருமை பேசுபவர்கள், அடிபட்டு ஓடியவற்றின் கணக்கைச் சொல்வதில்லை. சரிவில் மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும் தோட்டாவின் இறக்கம் கிடைமட்டத் தூரத்தைப் பொறுத்ததே. 45 டிகிரிச் சரிவில் 300 மீட்டர் தள்ளி இருக்கும் ஆடு, குறிக்கு 210 மீட்டர் கணக்குத்தான். இதை மறந்தால் தோட்டா முதுகுக்கு மேலே போய்விடும். அறையில் தோட்டா ஏற்றுவது கடைசி நிமிடத்தில், படுத்துக் குறிவைத்தபின். அதுவரை அறை காலி, போல்ட் திறந்திருக்க வேண்டும்.

விழுந்ததும் ஓடாதீர்கள். பார்க்கிறவர் பைனாகுலரை எடுக்காமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க, சுட்டவர் தோட்டாவை இறக்கிவிட்டு மொபைலில் எதிர்ச்சரிவைப் படம் எடுக்கட்டும். அங்கே போய் நின்றால் எல்லாப் புல்லும் ஒன்றுபோல இருக்கும். அப்போது அந்தப் படம்தான் வழிகாட்டும். பிறகு இருவரும் சேர்ந்தே போங்கள்.

கறி

குடலைக் கிழிக்காமலே முதுகுப்பக்கம் தோலைக் கீறி, இரண்டு முன்சப்பை, இரண்டு பின்தொடை, முதுகுக்கறி என்று எடுத்துவிடலாம். ஒருவர் காலை இழுத்துப் பிடிக்க மற்றவர் அறுப்பது, தனியாளின் வேலையில் பாதி நேரம் பிடிக்கும். கத்தி போகும் திசையில் அடுத்தவர் கை இருக்கக்கூடாது. அந்த உயரத்தில் சிறு வெட்டும் பெரிய வைத்தியச் செலவு. கறியைத் துணிப்பையில் போட்டு நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் சூடாக அடைத்தால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். நன்கு வளர்ந்த கிடா 100 கிலோவைக்கூடத் தொடும். பெண் ஆடு அதில் பாதிகூட இருக்காது. கிடாவைச் சுட்டால் கறி, தலை, தோல் எல்லாம் சேர்ந்து இரண்டு பையையும் நிரப்பிவிடும். பெண் ஆட்டுக் கறி இருவர் முதுகில் அலுங்காமல் ஏறிவிடும். சேர்க்கைக் காலக் கிடாவின் கறியில் ஒரு முடைநாற்றம் இருக்கும், பெண்ணில் இருக்காது. முதுகுக்கறியை மிளகும் உப்பும் தட்டி அன்றிரவே குடிலில் வாட்டுங்கள். தொடைக்கறி வீட்டில் குக்கருக்கு.

இந்தக் கறியை விற்பதோ பண்டமாற்றாகக் கொடுப்பதோ சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தாருக்குச் சும்மா கொடுக்கலாம்.

இரவு

குடிலுக்குள் நுழையும் முன்பே துப்பாக்கியை வெறுமையாக்கி, போல்ட்டைக் கழற்றி, தோட்டாவை வேறிடத்தில் வையுங்கள். கூடாரத்திலும் அப்படியே. கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று வாசலை மூடிக்கொண்டு சமைத்தவர்கள் கார்பன் மோனாக்சைடு சூழ்ந்து உறக்கத்திலேயே போயிருக்கிறார்கள். அதற்கு வாசனையும் கிடையாது, இருமலும் வராது.

பூட்ஸை வெளியே விடக்கூடாது. கியா என்று ஒரு மலைக்கிளி. பச்சை இறகு, சிறகுக்கடியில் ஆரஞ்சு, குறும்புக்குக் குறைவில்லை. விடிகாலையில் கூட்டமாக வந்து பூட்ஸ் நாடாவையும் கூடாரத் துணியையும் அலகால் பிய்த்துப் போட்டுவிடும். பாதுகாக்கப்பட்ட பறவை, விரட்டலாமே ஒழியத் தொடக்கூடாது. உணவும் போடாதீர்கள், மனிதரை நம்பி வந்து ஈயத்தையும் நஞ்சையும் தின்று சாகிறவை அவை.

யாருக்குச் சொல்லிவிட்டுப் போவது

406 மெகாஹெர்ட்ஸ் அவசர சமிக்ஞைக் கருவி ஒன்று வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். சொந்தமாக வாங்கினால் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தில் இலவசமாகப் பதிவுசெய்துவிடுங்கள். அதைப் பைக்குள் வைக்காமல் உடம்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஆறு பையை அடித்துக்கொண்டு போனாலும் கருவி மிஞ்சட்டும். இயக்கும் விதம் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விழுபவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இயக்கிய பிறகு அடிபடாதவர் உதவி தேடி நடக்கக்கூடாது. பக்கத்திலேயே இருந்து, சூடு குறையாமல் போர்த்தி, ஹெலிகாப்டர் வந்து இறங்க ஏதுவான வெட்டவெளியைப் பார்த்து வைக்க வேண்டும்.

கருவி இருந்தாலும், ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பள்ளத்தாக்கு, எந்தக் குடில், கார் எண், துணியின் நிறம், எந்த நாள் எத்தனை மணிக்குள் அழைப்போம், அழைக்காவிட்டால் 111க்கு அடித்துப் போலீஸைக் கேட்க வேண்டும் என்று. ஆறு இறங்கக் காத்திருக்கக்கூடும் என்பதால் அந்த நேரத்தில் ஒரு நாள் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து மொபைலுக்குச் சிக்னல் கிடைத்த இடத்தில் காரை ஓரங்கட்டி, அவரை அழைத்து, வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். கறியை ஃப்ரிட்ஜில் வைப்பதெல்லாம் அதற்கப்புறம்.